ஆன்செல் முடிச்சு

செத்து ஒரு வருடம் ஆகியும் ஆன்செல் எண்ணுவதை நிறுத்தவில்லை.

மூடுபனி இறங்கிய காலைகளில்தான் கேட்கும். மூன்று பல் பாறைகளுக்கு வெளிப்பக்கம், கடற்கொடிகளுக்கு நடுவே, ஓர் ஆள் துடுப்புப் படகான என் கயாக்கை நிறுத்தியிருப்பேன். தூண்டிலை வீசியாகிவிடும். நூல் மூழ்கத் தொடங்கும். அப்போது பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாத, கொஞ்சம் மூக்கால் பேசுகிற அந்தக் குரல் வரும்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பதினெட்டு வரை போகும். பதினெட்டில் நின்றுவிடும்.

ஸ்லேட் குடாவில் இறகுத் தூண்டில் போடுகிறவர்கள் எல்லோருமே எண்ணுகிறவர்கள்தான். கொக்கியில் மான்வால் மயிரும் கோழி இறகும் சுற்றிச் செய்த பொய்மீனுக்கு எடையே கிடையாது. கனத்த மூழ்குநூல்தான் அதைக் கீழே கூட்டிப் போக வேண்டும். பாறைமீனோ அடியிலும் படுக்காது, மேலேயும் வராது. பாறைச் சுவரை ஒட்டி ஏதோ ஓர் ஆழத்தில் கூட்டமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நூல் அந்த ஆழத்துக்குப் போவதற்கு எத்தனை எண்ண வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், அன்றைக்குப் பை நிறைந்துவிடும். நாங்கள் மனசுக்குள் எண்ணுவோம். ஆன்செல் பிரெக்கி மட்டும் வாய்விட்டு எண்ணுவான்.

"டேய், மீனுக்குக் கேக்கப் போவுது" என்பேன்.

"கேக்கட்டும்டா. வாயத் திறந்து ரெடியா நிக்கும்ல" என்பான்.

முப்பது வருடச் சிநேகிதம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே நண்டுப் படகில் வேலை. அந்தப் படகை முதலாளி விற்றபோது அவன் பெயிண்டர் ஆனான். நான் துறைமுகத்தில் படகுகளைத் தூக்கிக் கடலில் இறக்குகிற கிரேனை ஓட்டப் போனேன். மீன் மட்டும் சேர்ந்தே பிடித்தோம்.

அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருக்கிறது. ஒரு முடிச்சு.

இந்தக் கரையில் கயாக்கில் போகிறவனுக்கு நங்கூரம் தேவையில்லை, கடற்கொடிதான் நங்கூரம். பத்து ஆள் ஆழத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு, கயிறுபோல மேலே வந்து, தலை அளவுக் குமிழோடு மிதக்கிற கொடி. பக்கத்தில் போய் ஒன்றை எடுத்துத் தொடைமேல் குறுக்கே போட்டுக்கொண்டால் கயாக் அங்கேயே நிற்கும். அலை எழும்பினால் கொடி விறைக்கும், தொடையிலிருந்து தானாக வழுக்கிப் போய்விடும். அலை போனதும் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கட்டக் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்ளும் முன்பே கற்றுக்கொள்கிற விஷயம் இது. கொடியைக் கயாக்கோடு முடிச்சுப் போட்டுவிட்டால், பெரிய அலை வரும்போது படகு மேலே போகப் பார்க்கும், கொடி விடாது. ஒரு பக்கமாகச் சாய்த்துக் கவிழ்த்துவிடும்.

போன செப்டம்பரில் இரண்டு பேரும் மூன்று பல்லுக்குப் போய், நான் மட்டும் திரும்பினேன். ஆன்செலின் மஞ்சள் கயாக் கவிழ்ந்து மிதந்து வந்து இரண்டாம் நாள் கிடைத்தது. ஆன்செல் கிடைக்கவில்லை. வீசும்போது தோளை இடிக்கிறது என்று உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிக் காலடியில் வைத்திருந்தான். நாங்கள் எல்லோருமே அப்போது அப்படித்தான். கயாக்கின் இடதுபக்கக் கைப்பிடியில் அறுந்த கொடி ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டபடி இருந்தது.

முப்பது வருடம் கடலில் கிடந்தவன், சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பைச் செய்தான் என்று ஊர் சொன்னது.

அந்த முடிச்சைப் போட்டவன் நான்.

அது ஆன்செலுக்கே தெரியாது.

மீன் வெட்டுகிற மேசையில் ஒரு வார்த்தை பிறந்துவிட்டது. பிறப்பித்தவர் பெட்டிஜான் கிழவர். எழுபது வயது, மூன்று படகுகளை மூழ்கடித்தவர், நாக்கை மட்டும் மூழ்கடிக்காதவர். யாராவது ஒரு பையன் கரையில் கயிற்றை அசட்டுத்தனமாகக் கட்டினால் போதும்.

"யாருப்பா அது, ஆன்செல் முடிச்சுப் போடுறது?" என்று கத்துவார். மேசையைச் சுற்றி நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள்.

நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்களே.

இந்த வருடம் செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் அப்படிக் கத்தினபோது, பின்னால் தியா நின்றிருந்தாள். ஆன்செலின் மனைவி. தபால் அலுவலகத்தில் வேலை. துறைமுக அலுவலகத்துக்குக் கடிதக் கட்டைக் கொடுக்க வந்தவள்.

பெட்டிஜானின் கத்தி மீனின் முதுகில் பாதியில் நின்றது. "ஏம்மா தியா... நான் சும்மா..."

"பரவால்ல. கேட்டுப் பழகிருச்சு" என்றாள் அவள். "போன வாரம் மூணாங் கிளாஸ் பொண்ணு ஒண்ணு ஷூ லேஸ் கட்டத் தெரியாத பையனப் பாத்து இதையே சொன்னா. நல்லா பரவிருக்கு."

கடிதங்களைக் கொடுத்துவிட்டு நேராக என் கிரேனுக்கு வந்தாள். ஏணியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஓரின், இறங்கி வா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

இறங்கினேன். ஒரு வருடமாக அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதை எப்படித் தவிர்ப்பது என்று எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. கையில் இருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்குக் கடல் எப்படி?"

"அமைதியாத்தான் இருக்கும். பனி இருக்கும். ஏன்?"

"மூணு பல்லுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. அவன் கயாக்லயே வரேன்."

"அங்க என்ன இருக்கு தியா? தண்ணிதான் இருக்கு."

"எனக்கு அந்த இடத்தப் பாக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "கொடியக் கட்டாத, கட்டாதன்னு எனக்கு ஆயிரம் தடவ சொன்னவன் அவன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அவன் மறந்து கட்டினான்னு ஊர் சொல்லுது. ஊருக்கு அவனைத் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் மறக்க மாட்டான்."

துணியால் கையைத் துடைத்தேன்.

"அப்ப வேற என்னன்னு சொல்ற?"

"தெரிஞ்சேதான் கட்டியிருக்கான்."

கிரேனின் சங்கிலி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்குக் காலைல எங்களுக்குச் சண்டை. வீட்ட வித்துட்டு, கடல் இல்லாத என் தங்கச்சி ஊருக்குப் போயிடலாம்னேன். கடல விட்டு வர மாட்டேன்னான். 'அப்ப கடல்லயே குடியிரு, இங்க வராத'ன்னேன். கதவச் சாத்திட்டேன். காபி ஃப்ளாஸ்க்கக்கூட எடுக்காமப் போனான். மூணு மணி நேரங் கழிச்சு நீ வந்து கதவத் தட்டுன."

"தியா, அப்படியெல்லாம்..."

"சமாதானம் சொல்லாத. கூட்டிட்டுப் போறியா, மாட்டியா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'அவன் சாகணும்னு கட்டல, நான்தான் கட்டினேன்.' அவ்வளவுதான். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆறரைக்கு வந்துடு" என்றுதான் வந்தது.

மறுநாள் காலை சரளைக் கரையிலிருந்து இரண்டு கயாக்குகளும் இறங்கின. என்னுடையது பச்சை. அவளுடையது ஆன்செலின் மஞ்சள். வயிற்றில் பாறை கீறின கோடுகள். இரண்டு பேரும் உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தோம். இப்போது ஊரில் எல்லோரும் போடுகிறார்கள். ஆன்செல் செய்துவிட்டுப் போன ஒரே நல்ல காரியம் என்று பெட்டிஜான் சொல்வார்.

தியா நன்றாகவே துடுப்புப் போட்டாள். குடாவுக்குள் அவன் கற்றுக்கொடுத்திருந்தான். கலங்கரை முனையைத் தாண்டினதும் பனி எங்களை மூடிக்கொண்டது. கரை போனது, வானம் போனது. முன்னால் போகிற மஞ்சள் கயாக்கும் அதைச் சுற்றி ஒரு வட்டம் சாம்பல்நிறத் தண்ணீரும் மட்டுமே மிச்சம்.

மூன்று பல்லை முதலில் காது கண்டுபிடிக்கும். அலை அந்தப் பாறை இடுக்குகளில் புகுந்து, உறிஞ்சிக்கொண்டு வெளியே வருகிற சத்தம். பிறகு கொடிகள் தெரியும். நூறு, இருநூறு குமிழ்கள், பழுப்பாக, ஈரமாக, பாதி முழுகிப் பாதி எழும்பி. பின்னால் விரிந்து கிடக்கிற இலைகள் தலைமுடி மாதிரி அலையும். பழகினவர்களுக்கு அது கொடி. பழகாதவர்கள் முதல் பார்வையில் துடுப்பை நிறுத்திவிடுவார்கள்.

தியா துடுப்பை நிறுத்தினாள்.

"இத்தன தலை" என்றாள் மெதுவாக.

"கொடிதான்."

"தெரியுது. எந்த இடம்?"

காட்டினேன். நடுப்பல்லுக்கு வெளியே, நீர் கருத்துத் தெரிகிற இடம். அங்கே பாறைச் சுவர் நேராக இறங்குகிறது.

அவள் போய் நின்று, ஒரு கொடியை எடுத்துத் தொடைமேல் போட்டுக்கொண்டாள், சரியாக. நான் ஒரு கயாக் நீளம் தள்ளி இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கு என்ன பண்ணீங்களோ அதையே பண்ணு" என்றாள்.

"எதுக்கு?"

"பண்ணு ஓரின்."

தூண்டில் கோலை எடுத்தேன்.  இரண்டு முறை பின்னால் ஆட்டி, மூன்றாவது வீச்சில் பாறைப் பக்கமாக நூலை விட்டேன். பொய்மீன் தண்ணீரில் சத்தமில்லாமல் விழுந்தது. நூல் கருத்த நீருக்குள் இறங்கியது.

எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒண்ணு..."

பனிக்கு அந்தப் பக்கம். இந்த முறை முன்னைவிடப் பக்கத்தில்.

"ரெண்டு... மூணு..."

தியாவைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து ஏதோ வேலையில் இருந்தாள். கைகள் இடதுபக்கக் கைப்பிடியில் இருந்தன. கொடியை ஒரு சுற்று, இரண்டு சுற்று. நுனியை உள்ளே விட்டு இழுத்தாள்.

"தியா! என்ன பண்ற?"

"கட்டுறேன்."

"பைத்தியமா உனக்கு? அவிழு!"

"அவிழ்க்கத்தான் போறேன். அலை வரட்டும்." முகத்தில் பயமே இல்லை. "அவிழ்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும்னு எனக்குத் தெரியணும். நேரம் இருந்தும் அவன் அவிழ்க்காம இருந்திருந்தா, அது நான் சாத்தின கதவு. நேரம் இல்லேன்னா, சரி, முட்டாள்னு ஊர் சொல்றது சரி. ரெண்டுல ஒண்ண நான் தெரிஞ்சுக்கணும்."

"ஆறு... ஏழு..."

நான் கோலைப் போட்டேன். அது தண்ணீரில் விழுந்து போனது. துடுப்பை எடுத்தேன்.

"அவன் கட்டல!"

"என்ன?"

"அவன் கட்டல தியா! நான் கட்டினேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சில் பனிக்குள் ஒன்பது போனது, பத்து போனது.

"அவன் பொய்மீன் மாத்திக்கிட்டிருந்தான், நான் அவனுக்கு இடதுபக்கம் கொஞ்சம் பின்னால ஒட்டி நின்னேன். விரல் விறைச்சுப் போச்சுன்னு கொடிய எங்கிட்ட நீட்டினான். 'இதக் கொஞ்சம் புடி'ன்னான். புடிச்சுட்டேன்னேன்." மூச்சு வாங்க வாங்கத் துடுப்புப் போட்டேன். எங்களுக்கு நடுவே கொடிகள் பின்னிக் கிடந்தன, துடுப்பு சிக்கியது. "என் பக்கம் வீச வீச மீன் கடிச்சுக்கிட்டிருந்துது. ஒரு கையில அவன் கொடி இருந்தா என்னால வீச முடியல. ஒரு நிமிஷந்தானேன்னு அவன் கைப்பிடில கட்டிட்டேன். அவன் முன்னால திரும்பி இருந்தான். நான் கையிலதான் வச்சிருக்கேன்னு நெனச்சான். மாத்தி முடிச்சு, வீசி, எண்ண ஆரம்பிச்சான்."

"பதிமூணு..."

தண்ணீர் இறங்கியது. பெரிய அலைக்கு முன்னால் கடல் ஒரு மூச்சு இழுக்கும். கொடி இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன. நடுப்பல்லின் அடிப்பாகம், எப்போதும் வெளியே தெரியாத கறுப்புப் பாசி, பளபளவென்று வெளியே வந்தது.

தியாவும் அதைப் பார்த்தாள். முடிச்சில் விரலை விட்டு இழுத்தாள். ஈரக் கொடி இறுகிவிட்டது. வழவழவென்று விரலுக்கு அகப்படவில்லை.

"ஓரின், வரல!"

"பதினாறு..."

அவள் கயாக்கின் விளிம்பைப் பிடித்தேன். இடுப்பிலிருந்து கத்தியை உருவி, கைப்பிடிக்குக் கீழே கொடியில் வைத்து ஒரே இழுப்பு. உள்ளே வெற்றுக் குழாய்தானே. வெள்ளரிக்காய் மாதிரி அறுந்தது.

அலை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கியது. மேலே, மேலே, பனிக்குள் ஒரு மாடி உயரம். பாறை கையெட்டும் தூரத்தில் போனது. பிறகு வழுக்கிக் கீழே விட்டது. இரண்டாவது அலை, மூன்றாவது. மூன்று அலையும் போனபின் கடல் ஒன்றுமே தெரியாததுபோலப் படுத்துக்கொண்டது.

பதினெட்டை நான் கேட்கவில்லை. அலைச் சத்தத்தில் அமுங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் மூன்று பல்லுக்குப் போகவும் இல்லை. அவன் இன்னும் எண்ணுகிறானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தியா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கத்தி அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"இதே இடுப்புல."

"அறுக்க எவ்வளவு நேரம் ஆச்சு இப்ப? ஒரு செகண்டு?"

கத்தியை இடுப்பு உறைக்குள் செருகினேன்.

"அப்ப ஏன் அறுக்கல?"

முடிச்சைப் பற்றி யாரிடமாவது ஒருநாள் சொல்வேன் என்று என்னை நானே ஏமாற்றி வந்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

"அலை வந்தப்ப என் தூண்டில்ல மீன் இருந்துது" என்றேன். "பெரிய மீன். பாறை இடுக்குக்குள்ள போகப் பாத்துது. அவன் பதினெட்டுன்னான். அப்புறம் 'ஓரின்'னு கூப்பிட்டான். கத்தல தியா, சாதாரணமாத்தான் கூப்பிட்டான். நான் திரும்பாமலே 'இருடா, மீன் இருக்கு'ன்னேன்."

"அப்புறம்?"

"இன்னொரு தடவ கூப்பிட்டான்."

"அப்புறம்?"

"மீன மேல எடுத்துட்டுத் திரும்பினேன். கயாக்கோட மஞ்சள் வயிறு மேல தெரிஞ்சுது. அவன் இல்ல. கொடிக்குள்ள கைய விட்டுத் தேடினேன், குதிச்சேன், கை கால் விறைக்கிற வரைக்கும் தேடினேன். எந்தக் குமிழப் பாத்தாலும் அவன் தலை மாதிரியே இருந்துது."

அவள் அழவில்லை. அடிக்கவும் இல்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்து முகத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். துடுப்பை எடுத்து மஞ்சள் கயாக்கைத் திருப்பினாள். கரை வரைக்கும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் பனி விலகி வெயில் வந்திருந்தது. மீன் வெட்டுகிற மேசையைச் சுற்றி நாலைந்து பேர். பெட்டிஜான் காலையிலேயே பை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா தியா" என்றார். நேற்றுச் சொன்னதற்குப் பரிகாரமாகக் குரலில் கொஞ்சம் கூடுதல் கனிவு. "ஒரு துண்டு கொண்டு போறியா? கரும்பாறைமீன். முள் குத்தாம எடுத்துத் தரேன்."

"வேணாம். இவன் உங்ககிட்டயெல்லாம் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொல்லு ஓரின். எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, செதில் ஒட்டின பலகையைப் பார்த்தபடி, முடிச்சிலிருந்து 'இருடா' வரைக்கும். கல்யாணத்தில் வாழ்த்திப் பேசுகிறவனைக் கேட்கிற மாதிரி, குறுக்கே பேசாமல் கேட்டார்கள். கடற்காக்கைகள் மட்டும் குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

முடிந்ததும் பெட்டிஜான் குழாயை மூடினார்.

"அந்தப் பேர வச்சவன் நான். செத்தவன் மேல வச்சேன். தியாம்மா, அதுக்கு எனக்கு மன்னிப்பு கெடையாது. ஆனா நீ..." என் பக்கம் திரும்பினார். பல்லில்லாத வாய் இரண்டு முறை சும்மா அசைந்தது. "ஒரு வருஷம் எம் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சிரிச்சியேடா."

வெட்டின துண்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகப் போனவன் என் தோளைத் தட்டக் கையைத் தூக்கி, பிறகு அந்தக் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தியா மட்டும் நின்றாள்.

"அந்த மீன் என்ன ஆச்சு?" என்றாள்.

"எந்த மீன்?"

"அவன் கூப்பிட்டப்ப நீ புடிச்சுக்கிட்டிருந்தியே."

 அவள் பலகையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க ஃப்ரிட்ஜுல ஒரு மீன் இருந்துச்சு. தோல் உரிச்சு, துண்டு போட்டு, பிளாஸ்டிக் பையில. நீதான் வச்சிருந்த."

ஆமாம், நான்தான். தேடுகிற படகுகள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, என் கயாக்கின் பையில் அது கிடந்தது. கை தன்பாட்டுக்கு வெட்டியது. எங்கள் ஊர் வழக்கப்படி, கடல் ஆளை எடுத்துக்கொண்ட வீட்டுக்கு அன்றைய மீனைக் கொடுக்க வேண்டும். வழக்கத்தைச் செய்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"வந்தவங்க எல்லாம் போனப்புறம், மூணாம் நாள் அதப் பொரிச்சேன்" என்றாள் தியா. "மாவுல புரட்டி, வெண்ணெயில, அவனுக்குப் புடிச்ச மாதிரி. ஒத்த ஆளா உக்காந்து ஒரு துண்டு மிச்சம் வைக்காமத் தின்னேன். அவன் கடைசியாப் புடிச்ச மீன்னு நெனச்சேன். சண்டை போட்டுட்டுப் போனாலும் எனக்கு ஒரு மீன் அனுப்பிச்சிருக்கானேன்னு நெனச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்த மீனாவது அவன் புடிச்சதுதானே?"

அன்று ஆன்செல் பிடித்த மீன்கள் அவன் பையோடு போய்விட்டன. அது எனக்கு மட்டுமே தெரியும். 'ஆமா' என்று ஒரு வார்த்தை. இந்த உலகத்தில் யாரும் அதைப் பொய் என்று காட்ட முடியாது. அவளுக்கும் மிச்சமாக ஏதாவது ஒன்று இருக்கும்.

கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படித்தானே அன்றைக்கு அவனுக்கும் 'புடிச்சுட்டேன்' என்று ஒரு சௌகரியமான வார்த்தையைக் கொடுத்தேன்.

"இல்ல தியா" என்றேன். "அது என்னோடது. அவன் ரெண்டாவது தடவ கூப்பிட்டப்ப தூண்டில்ல இருந்த மீன் அதுதான்."

அவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஒரு முறை. மறுபடி ஒரு முறை, அழுத்தி. பிறகு கரையில் கிடந்த கயாக்கைக் காட்டினாள்.

"வண்டியில ஏத்தணும். தனியா தூக்க முடியாது. பின்னால தூக்கு."

அவள் முன்பக்கம், நான் பின்பக்கம். சரளை மேட்டில் ஏறி, கிரேனைத் தாண்டி, ஐஸ் கொட்டகையைத் தாண்டிப் போனோம். கொட்டகை வாசலில் நின்றிருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எனக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும்.

கயாக்கை ஏற்றி முடித்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். உடனே கிளப்பவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"அவன் சாகணும்னு போகல" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. "சண்டையெல்லாம் சரியாப் போயிடும்னு நெனச்சுக்கிட்டுத்தான் மீன் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்."

"ஆமா தியா. போற வழியில சொன்னான், உன் தங்கச்சி ஊர்ல ஆறு இருக்கான்னு விசாரிக்கணும்னு. ஆத்துல மீன் இருந்தா யோசிக்கலாம்னான்."

இது பொய்யில்லை. ஒரு வருடமாக இதையும் சேர்த்துத்தான் விழுங்கி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், நெடுநேரம். நான் கதவுப் பக்கம் நின்றேன். தொடவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"இன்னிக்கு ராத்திரி நான் தூங்குவேன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நீ தூங்காத, ஓரின்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தபால் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுவாளே, அதே குரலில் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.